புடவுத் தண்ணீர்

நான் நாலாம் வகுப்போடு நின்றவன். ராஜபாளையத்து லாரிப் பட்டறையில் கிரீஸ் துடைத்த கை இது. அதே கையால் ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டி சொந்தமாக வாங்கி, கூமாப்பட்டி முதல் கிருஷ்ணன்கோவில் வரை துளை போட்டிருக்கிறேன். படித்தவர்கள் கருவி வைத்துப் பார்த்து இல்லையென்று சொன்ன இடத்தில், மேலே வரும் பாறைத்தூளை உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தே தண்ணீர் எடுத்தவன்.

ஸ்ரீவில்லிபுத்தூருக்கு மேற்கே மலையடியில் அண்ணனின் மாந்தோப்பும் என் தோப்பும் அடுத்தடுத்து. மேலே ஒரு புடவு. மலைக்குகையை நாங்கள் அப்படித்தான் சொல்வோம். கருங்கல் வெடிப்பில் எந்தக் காலத்து மழையோ இறங்கி இறங்கிப் பாறை உளுத்து, வீட்டளவு பாளங்களாகச் சரிந்து, ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்த இடம். உட்சுவரில் யாரோ செங்காவியால் வரைந்த மான். எத்தனை தலைமுறைக்கு முந்தியதோ, சொல்ல ஆளில்லை. அதன் கீழே கோடையிலும் வற்றாத சுனை, ஓரமெல்லாம் தவளை. கூரை முழுக்க வௌவால். அண்ணன் தோப்புக்கு அந்தத் தண்ணீர்தான்.

"ஏலே, ஊரெல்லாம் தொளை போடு. இங்க மட்டும் வேண்டாம்" என்றார் அண்ணன்.

"பாறையப் பத்தி எனக்கா பாடம் எடுக்கிறீக?" என்றேன். என் தோப்பில் போட்டேன்.

பாதி ஆழத்தில் தூள் மேலே வருவது நின்றது. தூளை மேலே தள்ளும் கம்ப்ரசர் காற்று பாறைக்குள் எங்கோ ஓடியது. செத்த நேரத்தில், பட்டப்பகலில், புடவு வாயிலிருந்து வௌவால்கள் கருப்பாகக் கொட்டின. வெடிப்பு வழியே என் காற்றுதான் போய்ச் சுனைக்குள் பீறிட்டிருந்தது. வௌவால்கள் வெயிலில் தடுமாறி மாமரங்களில் மோதி விழுந்தன. காக்கைகள் கொத்தித் தூக்கின.

"நிப்பாட்டுலே!" அண்ணன் ஓடிவந்தார்.

எனக்கு விளங்கிவிட்டது: இன்னும் ஒரு ராடு கம்பி இறக்கினால் தண்ணீர்தான். நிறுத்தவில்லை.

பனை உயரத்துக்குத் தண்ணீர் பீய்ச்சியடித்தது. மறு கோடையில் சுனை வற்றியது. வௌவால் திரும்பவில்லை. அண்ணன் என் குழாய்த் தண்ணீரைத் தொடவில்லை. அவர் மரங்கள் ஒவ்வொன்றாய்ப் பட்டுப்போயின. பேச்சும் நின்றது.

போன வருஷம் படுக்கையில் கிடந்தவர் ஆள் விட்டுக் கூப்பிட்டார்.

"புடவுத் தண்ணி ஒரு மடக்கு கொண்டாலே."

டார்ச் அடித்துக்கொண்டு ஏறினேன். சுனைக்குழியில் காய்ந்த வௌவால் புழுக்கைத் தூள். மான் மட்டும் இருந்தது. இறங்கிவந்து என் குழாயில் செம்பை நிரப்பினேன்.

"புடவுத் தண்ணியா?"

"ஆமாண்ணே."

ஒரு மடக்கு குடித்துக் கண்ணை மூடிக்கொண்டார். "சொன வத்துனது எனக்குத் தெரியாதாலே? ஒன் வாயால சொல்லுதியான்னுதான் கேட்டேன்."

மிச்சத் தண்ணீரோடு செம்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தேன். மூன்றாம் நாள் போய்விட்டார்.

என் துளையில் இன்றும் தண்ணீர் வற்றவில்லை. அதை நான் யாரிடமும் சொல்வதில்லை.