மாமா பார்த்த இரண்டு படகுகள்

என் தாய்மாமா பன்னிரண்டு வருடம் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தவர். ஆனால் கடலைச் சரியாகப் பார்த்ததே இல்லை என்பது அவருடைய குறை. அவருக்கு இன்ஜின் அறையில் ஃபிட்டர் வேலை. தண்ணீர் மட்டத்துக்குக் கீழே, ஜன்னல் இல்லாத இரும்புக் கூண்டுக்குள் எண்ணெய்ப் பிசுக்கோடு நின்றபடியே பாதி உலகத்தைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பியிருந்தார்.

சுருளிப்பட்டியில் தாத்தாவின் திராட்சைத் தோட்டத்தை இனி அவர் பார்த்துக்கொள்வார், பொண்ணு பார்க்க ஆரம்பிக்கலாம் என்று எல்லோரும் நினைத்திருந்தபோது, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டில் தலை நிமிராமல் சொன்னார்.

"ஒரு பாய்மரப் படகு வாங்கலாம்னு இருக்கேன். பழசுதான், சின்னது. தூத்துக்குடியில இருந்து ராமேஸ்வரம் வரைக்கும் கரையை ஒட்டியே காத்துலயே போகணும்."

பார்த்த பக்கமெல்லாம் மலையாக இருக்கிற ஊரில் இதைச் சொன்னால் எப்படியிருக்கும்? அப்பாவுக்குப் புரையேறிவிட்டது. தாத்தா அன்றிலிருந்து மாமாவிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார். கல்யாணம் தள்ளிப்போகிற கோபம் என்று நான் நினைத்துக்கொண்டேன். எனக்கு அப்போது ஒன்பது வயது.

அம்மா மட்டும் படகு பார்க்கத் தானும் வருவதாகச் சொல்லி மாமாவோடு கிளம்பினாள். எங்கள் குடும்பத்தில் பழைய சாமான் எதையும் அம்மா பார்க்காமல் வாங்கியதில்லை. சின்னமனூரில் ஒரு டிராக்டரைச் சுற்றி வந்து, புதுப் பெயிண்டுக்கு அடியில் ஒட்டுப்போட்ட விரிசலைக் கண்டுபிடித்தவள். ஆனால் இந்த முறை அவள் திட்டம் வேறு. அப்பாவிடம் சொன்னதை நான் கேட்டேன்.

"எந்தப் படகக் காட்டுனாலும் ஒரு குத்தம் சொல்லிருவேன். ரெண்டு தடவ அலைஞ்சா அவனே விட்டுருவான்."

பள்ளி விடுமுறை. என்னையும் கூட்டிப்போனார்கள்.

தூத்துக்குடியில் கடற்கரையோரமாக ஒரு பெரியவர் இரண்டு படகுகளை விற்பனைக்கு வைத்திருந்தார். முதல் படகு கரையில் முட்டுக்கொடுத்து நின்றது. இருபத்தெட்டு அடி. நீலமும் வெள்ளையுமாகப் பளபளத்தது. உள்ளே இரண்டு கட்டில், அடுப்பு, ஜன்னலுக்குத் திரைச்சீலைகூட இருந்தது. இந்தப் படகுதான் என்று நான் முடிவே செய்துவிட்டேன். மாமாவின் முகத்தைப் பார்த்தால் அவரும் செய்துவிட்டது தெரிந்தது.

அம்மா வெளியே நின்று பெயிண்டை முகர்ந்து பார்த்தாள். "எப்ப அடிச்சீக ஐயா?"

"போன மாசந்தாம்மா."

அம்மா வீட்டுச் சாவியால் படகின் விலாவைத் தட்டிக்கொண்டே நடந்தாள். ணங், ணங் என்று கேட்டுக்கொண்டே வந்த சத்தம் நடுவில் ஓரிடத்தில் தொப்பென்று விழுந்தது. அதே நேரம் நான் உள்ளே கட்டிலிலிருந்து துள்ளிக் குதித்தேன். தரை என் காலை விழுங்கியது. தொடைவரை உள்ளே போய்விட்டேன். கீழே ஜில்லென்று அழுகல் தண்ணீர். என் அலறலில் மாமா ஓடிவந்து என்னைத் தூக்கினார். மேலே விரிப்பு புதிது. அடியில் பலகை ஊறிப்போன ரொட்டி மாதிரி இருந்தது.

என் முழங்காலில் ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அம்மா கேட்டாள். "பிள்ள கால் போன வழியா நாளைக்குக் கடல் வரும்ல ஐயா?"

பெரியவர் விரிப்பை இழுத்து அந்த ஓட்டையை மூடினார். பிறகு, "இன்னொண்ணு இருக்கு, பார்க்கிறதுக்குத்தான் நல்லா இருக்காது" என்றார்.

அது தண்ணீரில் மிதந்துகொண்டிருந்தது. பதினெட்டு அடி. வெயிலில் வெளுத்த ஃபைபர், இரண்டு ஒட்டுப்போட்ட பாய், தவழ்ந்து மட்டுமே போக முடிகிற ஒரு பொந்து.

"புதுசாப் பழகுறவங்களுக்கு இதாம்மா சரி. ஒத்த ஆளு போதும். அடியில தண்ணிக்குள்ள இறங்கியிருக்கிற பலகையை மேல தூக்கிட்டா இடுப்பளவு தண்ணியிலயும் போகும்."

அம்மா சாவியால் தட்டினாள். எங்கும் ணங் என்றே கேட்டது. பாய்மரத்தை இழுத்துப் பிடித்திருந்த கம்பிகளில் முந்தானையைச் சுற்றி மேலும் கீழும் உருவினாள். திராட்சைப் பந்தல் கம்பியில் பிசிறு இருக்கிறதா என்று அப்படித்தான் பார்ப்பாள். ஒரு நூல்கூடச் சிக்கவில்லை. அவள் முகம் வாடிப்போனது.

"ஓட்டிக் காட்டுங்க," என்றாள் கடைசியாக.

பெரியவர் ஆளுக்கொரு லைஃப் ஜாக்கெட் கொடுத்தார். எனக்கு மாட்டிவிட்டார்கள். அம்மா சேலைக்கு மேல் அதை மாட்டத் தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டாள். மாமா தன்னுடையதை மடித்து அதன் மேலேயே உட்கார்ந்தார்.

"ஏலே, போடுறா!"

"பன்னெண்டு வருசம் கப்பல்ல இருந்தவனுக்கு இது எதுக்குக்கா?"

கரையைவிட்டு வந்ததும் பெரியவர் மோட்டாரை நிறுத்திப் பாயை ஏற்றினார். சட்டென்று சத்தமே இல்லை. அந்த அமைதியில் படகு சாய்ந்து ஓடத் தொடங்கியது. மாமா வாயைத் திறந்தபடி சிரித்தார். கண்ணில் தண்ணீர் வந்திருந்தது. சுக்கானை அவர் கையில் கொடுத்தார் பெரியவர். கொஞ்ச தூரம்தான். எந்தப் பக்கம் திருப்பினாரோ, பாயின் அடியில் இருந்த குறுக்குக் குழாய் விசிறிக்கொண்டு வந்தது.

"குனிங்க!"

மாமா குனியவில்லை. அடுத்த நொடி அவர் இருந்த இடத்தில் அந்த ஆரஞ்சு ஜாக்கெட் மட்டும் கிடந்தது.

தலை மேலே வந்தது. கைகள் தண்ணீரை அறைந்தன. வாய் திறந்திருந்தது, சத்தம் வரவில்லை. "நீச்சலடிங்க!" என்று பெரியவர் கத்தினார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பன்னிரண்டு வருடம் கப்பலில் இருந்த மாமாவுக்கு நீச்சல் தெரியாது.

நான் திரும்பிப் பார்ப்பதற்குள் அம்மாவைக் காணோம். வாய்க்காலில் கால் நனைத்தாலே முதுகில் ஒன்று வைக்கிற அம்மா, சுருளி அருவியில் எல்லோருடைய துணிப்பையையும் பிடித்துக்கொண்டு தள்ளியே நிற்கிற அம்மா, மடியிலிருந்த ஜாக்கெட்டோடு குதித்து, கைகளை வீசி வீசி நீந்திப் போய்க்கொண்டிருந்தாள். போகும்போதே ஒரு பெயரைச் சொல்லிக் கத்தினாள். அது மாமாவின் பெயர் இல்லை. எங்கள் வீட்டில் யாருக்கும் அந்தப் பெயர் இல்லை.

பெரியவர் ஒரு கையில் சுக்கானும் ஒரு கையில் கயிறுமாகப் படகை வளைத்துத் திருப்பினார். பாய் படபடவென்று அடித்துத் தளர, படகு அவர்கள் பக்கத்திலேயே வந்து நின்றது. ஏறியதும் அம்மா மாமாவின் கன்னத்தில் இரண்டு அறை விட்டாள். பிறகு அவர் தலையை மடியில் அழுத்திக்கொண்டு மறுபடி அதே பெயரைச் சொன்னாள்.

கரையில் மாமா நடுங்கிக்கொண்டே சொன்னார். "வேணாம்க்கா. வீட்டுக்குப் போயிருவோம்."

"இதையே வாங்கு" என்றாள் அம்மா.

நாங்கள் மூன்று பேரும் அவளையே பார்த்தோம்.

"ஒத்த ஆளு திருப்பிக் கொண்டாந்து நிப்பாட்டுனாகல்ல? வேற என்ன வேணும் ஒரு படகுக்கு? ஆனா மொதல்ல நீச்சல் படிக்கணும். நானே சொல்லித் தாரேன்."

ஊருக்கு வந்ததும் முழங்கால் கட்டோடு தாத்தா முன்னால் நின்று, நடந்ததையெல்லாம் நடித்துக் காட்டினேன். அம்மா குதித்ததைச் சொன்னபோது அப்பா எழுந்தே நின்றுவிட்டார். கடைசியில் வேடிக்கைக்காக, பதற்றத்தில் அம்மா தம்பி பெயரையே மறந்து யாரோ ஒருவர் பெயரைச் சொல்லிக் கத்தியதையும் சொன்னேன். யாரும் சிரிக்கவில்லை. அடுப்படியில் அம்மாவின் பாத்திரச் சத்தம் நின்றது.

அம்மாவுக்கும் மாமாவுக்கும் நடுவில் அந்தப் பெயரில் இன்னொரு தம்பி இருந்தான் என்பதும், அம்மாவோடு குளிக்கப்போன இடத்தில் பெரியாற்றுத் தண்ணீர் அவனை இழுத்துக்கொண்டு போனது என்பதும், அதற்குப் பிறகு தாத்தா கைக்குழந்தையாக இருந்த மாமாவை வளர்கிறவரை ஆறு, குளம் பக்கமே விடவில்லை என்பதும் எனக்குத் தெரியவர இன்னும் பல வருடங்கள் இருந்தன.

தாத்தா என்னைப் பக்கத்தில் இழுத்து, "என்ன பேரு சொல்லிக் கூப்பிட்டா? இன்னொரு தடவ சொல்லு ஆத்தா" என்றார்.

அவருக்கு என் கதை பிடித்துவிட்டது என்று நினைத்து, நான் இன்னும் சத்தமாகச் சொன்னேன்.