பேய் மாதம் கழியட்டும் என்றேன்

நான் ஆறாம் வகுப்போடு நின்றவன். எங்கள் ஊர் காங்ஷானில் ஒரே ஒரு பழைய இயந்திரத்தை வைத்துத் திருகாணி அடிக்கத் தொடங்கினேன். இன்று பதினெட்டு ஓடுகின்றன. பெருமைக்குத்தான் சொல்கிறேன். ஆனால் எழுத உட்கார்ந்தது பெய்லிங்கைப் பற்றி.

பெய்லிங் நகரப் பேருந்து ஓட்டுகிறாள். என் மகள் ஹுவாஜென்னோடு பதினோரு வருடம் குடும்பம் நடத்தியவள். பெண்ணும் பெண்ணும் மணக்கலாம் என்று சட்டம் வந்த பிறகும் அவர்கள் பதிவு செய்யவில்லை. அப்படி மணந்த பெண்களுக்கு ஊரார் பிள்ளையைச் சேர்ந்து தத்தெடுக்க அப்போது வழியில்லை, தனியாள் எடுக்கலாம். அதனால் ஹுவாஜென் தனியாளாகவே பத்து மாதக் குழந்தை டோடோவை எடுத்தாள். காய்ச்சலுக்குக் கண்விழித்தது, முடி பின்னியது எல்லாம் பெய்லிங். காகிதத்தில் அவள் யாருமில்லை.

டோடோவுக்கு நான்கு வயதானபோது, அவர்களும் சேர்ந்து தத்தெடுக்கலாம் என்று சட்டம் மாறியது. இருவரும் என்னிடம் வந்தார்கள்.

"மாமா, அடுத்த வாரம் கல்யாணத்தப் பதிவு பண்ணிட்டு, டோடோவுக்கு நானும் மனு போடப்போறேன்" என்றாள் பெய்லிங்.

"அடுத்த வாரம் ஏழாம் மாசம் பொறக்குது. பேயெல்லாம் வெளிய சுத்துற மாசத்துல எவனாவது கல்யாணம் பண்ணுவானா? பஞ்சாங்கம் பாக்காம நான் ஒரு மெஷினக்கூட ஓட்டினதில்ல."

"பதிவு ஆபீஸ்ல பேய்க்குத் தனி வரிசை இல்லப்பா" என்றாள் ஹுவாஜென்.

"பதினோரு வருஷம் பொறுத்தீங்க. ஒரு மாசம் பொறுக்க முடியாதா?"

சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்கள். என் பேச்சை எங்கள் வீட்டில் யாரும் தட்டியதில்லை.

அந்த மாதம் இருபதாம் நாள், சந்தையில் கொய்யா பொறுக்கிக்கொண்டிருந்த ஹுவாஜென் அப்படியே சாய்ந்தாள். மூளையில் இரத்தக் கசிவு. சடங்குக்கு யார் வந்தார்கள், நான் என்ன சாப்பிட்டேன் என்று கேட்டால் தெரியாது. பட்டறையில் பதினெட்டு இயந்திரமும் ஓடின. எனக்குச் சத்தம் கேட்கவில்லை.

டோடோவுக்கு இனிச் சட்டப்படி காப்பாளர் நான்தான் என்றார்கள்.

"புள்ளைய இங்க கொண்டாந்துடுங்கப்பா" என்றான் என் மகன் சுன்யீ. "பெய்லிங் இப்பத் தனியாளா தத்தெடுத்தா தாய்ங்கிற எடத்துல அவ பேர்தான் ஏறும், நம்ம ஹுவாஜென் பேர் போயிடும். தங்கச்சின்னு ஒருத்தி இருந்ததுக்கு வேற என்ன மிச்சம்?"

மறுநாள், விஷயம் கேள்விப்பட்டு, பெய்லிங் டோடோவின் பெட்டியோடு வந்தாள். அவள் அழவில்லை.

"துணியெல்லாம் மடிச்சு வச்சிருக்கேன் மாமா. இறால் மட்டும் குடுத்துடாதீங்க, உடம்பெல்லாம் தடிச்சிடும்."

"சண்ட போட மாட்டியா நீ?"

"எந்தக் காகிதத்த வச்சு?"

பெட்டி எங்கள் இருவருக்கும் நடுவில் இருந்தது. ஒரு மாதம் பொறு என்ற வாய் என் வாய்.

"எடுத்துட்டுப் போ. நீ தத்தெடுக்க எனக்குச் சம்மதம்னு என் பேர் முத்திரய எங்க குத்தணும்னு சொல்லு, வரேன்."

சுன்யீ இரண்டு மாதம் என்னோடு பேசவில்லை. நீதிமன்றத்தில் எழுத்தர் ஒரு இடத்தை விரலால் காட்டினார். குத்தினேன். பிறகு வந்த குடும்பப் பதிவில் தாய் என்ற இடத்தில் பெய்லிங் பெயர் இருந்தது. ஹுவாஜென் பெயர் இல்லை. எத்தனை முறை பார்த்தும் மனதில் ஒன்றும் எழவில்லை. தாளை மடித்து பெய்லிங்கிடம் கொடுத்தேன். மதியம் ஓட்டவேண்டிய பேருந்துக்கு நேரமாகிவிட்டது என்று டோடோவைத் தூக்கிக்கொண்டு அவள் கிளம்பினாள்.