அறை மாறி அறை
குடியால் வரும் மனக்கோளாறும் மனநலச் சட்டத்தின்படி மனநோய்தான். ஆகவே குடிக்கிறவன் என்று சொல்லி யாரையும் வைத்தியம் பார்க்காமல் திருப்பி அனுப்பக் கூடாது. அந்தச் சட்டம் கள்ளக்குறிச்சிக்கும் பொருந்தும் என்றுதான் நினைத்திருந்தேன்.

ரத்த அழுத்த மாத்திரை வாங்கப் போன ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். மூங்கில்துறைப்பட்டுப் பக்கம் கரும்பு வெட்டுகிறவள். வெயிலில் கறுத்த முகம், காய்த்துப்போன கைகள். புருஷன் இடுப்பில் கட்டியிருந்த துண்டைத் தன் முந்தானையோடு சேர்த்து முடிந்திருந்தாள். அவன் காதில் யாரோ பேசுகிறார்களாம். கூப்பிட்டால் எழுந்து போய்விடுவானாம். அந்தக் குரலை அடக்கத்தான் குடிக்கிறான்.

மனநல அறையில், "குடிய நிறுத்திட்டு வாம்மா" என்றார்கள். போதை மீட்பு அறையில், "மொதல்ல மனசுக்குப் பாத்துக்கினு வா" என்றார்கள். மறுபடியும் திருப்பி அனுப்பியபோது அவள் கேட்டாள்: "இவரு தலைய அந்த ரூம்ல கழட்டி வச்சிட்டு, வாய மட்டும் இங்க இட்டாரட்டுங்களா?"

வரிசை சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இரும்மா, நான் கேக்கறேன்" என்று எழுந்தேன்.

"வுடுங்க சார். சாராயக் கடையில ஒரே ஜன்னல்தான். ரெண்டு நோவுக்கும் அங்கயே குடுத்துடறான்."

முடிச்சை இறுக்கிக்கொண்டு அவனை அழைத்துப் போனாள், ஒரு மாத்திரைகூட இல்லாமல். அப்புறம் அவளை நான் பார்க்கவில்லை.

அன்றே சட்டப் பிரிவைக் குறிப்பிட்டு ஆஸ்பத்திரி நிர்வாகத்துக்கு மனு அனுப்பினேன். ஒரே மனுவில் இரண்டு சிகிச்சைப் பிரிவுகளைப் பற்றிக் கேட்டிருப்பதால், தனித்தனியே மனுச் செய்ய வேண்டுமாம். தை மாதம் அனுப்பியதற்கு இந்தப் பதில் வந்த நாள், ஆடிப் பதினெட்டு.