மணிக்கூண்டு முழுசாக விழுந்த போட்டோ

போன வாரம் சென்னை சென்ட்ரல் ஸ்டேஷனுக்குப் போயிருந்தேன். ரயில் ஏற அல்ல. யாரையும் வழியனுப்பவும் அல்ல. சும்மா... சுற்றிப் பார்க்க.

சொந்தத்தில் ஒரு கல்யாணத்துக்காகக் காரைக்காலிலிருந்து நானும் மனைவியும் வந்திருந்தோம். மறுநாள் காலை ஒரு வேலையும் இல்லை. பீச்சா, கோயிலா என்று அவள் கேட்டாள். சென்ட்ரல் என்றேன்.

"எல்லாரும் ஸ்டேஷன்லேர்ந்து எங்கயாச்சும் போவாங்க. நீங்க ஸ்டேஷனுக்கே போறீங்க" என்றாள். ஆனாலும் வந்தாள்.

நான் கட்டட இன்ஜினீயராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அந்தச் சிவப்புச் சுவர், வெள்ளை வளைவுகள், உயர்ந்து நிற்கும் மணிக்கூண்டு... அதன் கீழே எத்தனை முறை ஓடியிருக்கிறேன்! ஒரு நாளாவது அண்ணாந்து பார்த்திருப்பேனா? பெட்டியோடு ஓடுகிறவனுக்கு மணிக்கூண்டில் மணி மட்டும்தானே தெரியும்?

அன்றைக்கு நிதானமாகப் பார்த்தேன். வளைவு வளைவாகப் படம் எடுத்தேன். மனைவி ஒரு நிழலில் உட்கார்ந்து, பக்கத்தில் இருந்த அம்மாளோடு பேச ஆரம்பித்திருந்தாள். பேச்சைக் கேட்டதுமே தெரிந்தது, நம்ம பக்கத்து ஆள். காரைக்காலை ஒட்டிய மீனவ ஊர், கிளிஞ்சல்மேடாம். மகனை ரயிலேற்றி விட வந்திருக்கிறார்கள். குஜராத்தில் கப்பல் கட்டும் இடத்தில் வெல்டர் வேலை.

அப்பாவுக்கு அதில் விருப்பமில்லை. சொந்தமாக ஃபைபர் போட் இருக்கும்போது எதற்கு வெளியூர் வேலை என்று சண்டை. மழைக்காலத்திலிருந்து அப்பனும் மகனும் பேச்சில்லை. ஒரே வீடு, ஒரே சோறு... பேச்சு மட்டும் இல்லை. ரயிலேற்ற வருகிறேன் என்று அவர் கிளம்பியதே அந்த அம்மாளுக்கு ஆச்சரியமாம்.

இதெல்லாம் என் காதிலும் விழுந்தது. விழுந்தது, அவ்வளவுதான். என் கண் மணிக்கூண்டில் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் அந்த அம்மாள் போனை நீட்டினாள். "சார், ஒரு போட்டோ எடுத்துக் குடுங்க. அவங்க அப்பா நிக்கிறேங்குறாரு. மனசு மாறுறதுக்குள்ள எடுத்துடுங்க."

மூன்று பேரும் நின்றார்கள். நடுவில் மகன். அப்பா முதலில் ஓர் அடி தள்ளித்தான் நின்றார். பிறகு மகனின் தோளில் கை வைத்தார். பையன் சட்டென்று தலையைக் குனிந்துகொண்டான். நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே போனைக் கொஞ்சம் உயர்த்தினேன்... மணிக்கூண்டின் உச்சி வெட்டுப்படுகிறதே! இன்னும் கொஞ்சம் உயர்த்தினேன். அமுக்கினேன். ஒரே ஒரு படம்.

அதைப் பார்க்க அவர்களுக்கு நேரமில்லை. பையை எடுத்துக்கொண்டு உள்ளே ஓடினார்கள்.

ரயில் போன பிறகு கணவனும் மனைவியும் மட்டும் வெளியே வந்தார்கள். அந்த அம்மாள் படியில் உட்கார்ந்து போனைத் திறந்தாள். ரொம்ப நேரம் பார்த்தாள். பிறகு என் மனைவியிடம் காட்டினாள்.

மணிக்கூண்டு முழுசாக இருந்தது. மேலே வானம்கூட இருந்தது. அடியில் மூன்று தலைகள், மூக்குக்கு மேலே மட்டும். குனிந்த பையனுக்கு அதுவும் இல்லை, வெறும் முடி. தோளும் இல்லை... தோளில் வைத்த கையும் இல்லை.

"பரவால்லங்க" என்றாள். அவள் குரல் அப்படிச் சொல்லவில்லை.

அப்பா எட்டிப் பார்த்தார். "கட்டடம் நல்லா விழுந்திருக்கு சார்" என்றார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? "எதிர்வெயில்ங்க... ஸ்கிரீன்ல ஒண்ணும் தெரியல" என்றேன். பொய். வெயில் என் முதுகில்தான் அடித்துக்கொண்டிருந்தது. மன்னிப்பு கேட்க வேண்டிய இடத்தில் வெயில்மேல் பழியைப் போட்டேன். இத்தனை படிப்பும் வயதும் அந்த நேரத்துக்கு உதவவில்லை. அவர்கள் தலையாட்டிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்கள்.

உங்களில் யாருக்காவது இப்படி நடந்திருக்கிறதா? தெரியாமல் செய்த தப்பை மறந்துவிடலாம். அதை மூட அவசரமாகச் சொன்ன பொய் இருக்கிறதே... அதுதான் ஊர் வரை கூடவே வருகிறது.

சுற்றிப் பார்க்கப் போகிறவனுக்கு அது ஒரு கட்டடம். அங்கே நிற்கிற மற்ற எல்லோருக்கும் அது பிரிகிற இடம். கொஞ்சம் போனைத் தாழ்த்தியிருந்தால் போதும்.

ஊருக்குத் திரும்பிய பிறகு மனைவியிடம் சொன்னேன்: "பையன் லீவுல வரட்டும். கிளிஞ்சல்மேட்டுக்குப் போயி நல்லா ஒரு போட்டோ எடுத்துக் குடுத்துடுவோம்."

"எடுக்கலாம். நான் எடுக்குறேன்."

"அவரு இன்னொரு தடவ நிப்பாரா?"

அவள் கீரை ஆய்ந்துகொண்டே சொன்னாள்: "அத நீங்கதான் போயி கேக்கணும்."