பெயரை மறைத்த முதலாளி

தன்னிடம் இருந்த இரண்டு இயந்திரங்களில் ஒன்றை விற்றுத்தான் ஜெராக்ஸ்காரர் அந்த இணையதளத்தைத் தொடங்கினார். சின்னக் கடைக்காரர்கள் 'ஆள் தேவை' என்று அதில் போட்டுக்கொள்ளலாம். ஒரு விளம்பரத்துக்கு இரண்டு டீ காசுதான்.

மலிவு என்றதும் கடைவீதியே வந்து மொய்த்தது. அவர்கள் எழுதிக் கொடுத்ததைப் படிக்க வேண்டுமே! நேர்மையானவர், சுறுசுறுப்பானவர், லீவு கேட்காதவர் தேவையாம். சம்பளம்? நேரில் பேசிக்கொள்ளலாமாம். கடவுளே இறங்கி வந்து வேலை கேட்டாலும் நேரில் பேசிக் குறைத்துவிடும் புண்ணியவான்கள். ஜெராக்ஸ்காரர் ஒரே ஒரு விதி வைத்தார்: சம்பளத்தை எழுதாவிட்டால் விளம்பரம் இல்லை.

மரச்சாமான் கடை முதலாளிக்கு இது பிடிக்கவில்லை. அவர் வியாபாரிகள் சங்கத் தலைவர். கண்ணைக் காட்டினால் இருபது கடை பின்னால் போகும். அந்த இருபதும் போனால் தளத்தை மூட வேண்டியதுதான்.

"எழுதித் தொலைக்கிறேன். ஆனா என் கடைப் பேர் வெளியே தெரியக் கூடாது" என்றார்.

பாலிஷ் வேலை, பத்து வருட அனுபவம், சம்பளம் இருபதாயிரம் என்று கைப்பட எழுதிக் கொடுத்தார். அந்த இருபதாயிரம் வெறும் தூண்டில். வருகிறவனிடம் "அதெல்லாம் போகப் போக, இப்போ பாதி" என்பார். தாராள மனசு!

மறுநாள் ஒரே ஒரு விண்ணப்பம் வந்தது. ஜெராக்ஸ்காரர் அதை அனுப்பிவைத்த அரைமணி நேரத்தில் முதலாளி மூச்சிரைக்க வந்து நின்றார்.

"என்னய்யா இது? என் கடைப் பாலிஷ்காரனே என் வேலைக்கு மனு போட்டிருக்கான்!"

"பத்து வருஷ அனுபவம் கேட்டீங்க. அவருக்குப் பன்னெண்டு இருக்குங்க. அதுவும் உங்க கடையிலேயே."

"நக்கலா? அவனுக்கு நான் பத்தாயிரம்தான்யா தர்றேன்!"

"அதனாலதாங்க போட்டிருக்காரு."

"விளம்பரம் தப்பா வந்துடுச்சுன்னு அவன்கிட்ட சொல்லிடு. இல்லேன்னா சங்கத்துல ஒரு கடை உன் பக்கம் தலைவெச்சுப் படுக்காது."

விற்றுவிட்ட இயந்திரம் நின்ற மூலையை ஜெராக்ஸ்காரர் ஒரு தடவை பார்த்தார்.

"நீங்க எழுதினதைத்தாங்க போட்டேன். பொய் சொல்ல என்னால ஆகாது."

சொன்னபடியே இருபது கடையும் போயிற்று. பாலிஷ்காரரும் போனார். நாற்காலி வாடகைக்கு விடுகிறவர் அதே தளத்தில் பாலிஷ் போட ஆள் தேடிக்கொண்டிருந்தார். பதினெட்டாயிரத்துக்கு அவரை எடுத்துக்கொண்டார்.

அந்த மாதம் ஜெராக்ஸ்காரரின் மனைவி மளிகைச் சீட்டில் பாதிச் சாமானைக் கோடு போட்டு அடித்தாள். மூன்றாவது வாரம் புது விளம்பரம் ஒன்று வந்தது. 'பாலிஷ் வேலைக்கு ஆள் தேவை. சம்பளம் இருபதாயிரம். பெயர் வேண்டாம்.' கீழே தலைவரின் போன் நம்பர்.

'இனிமேல் கடைப் பெயர் இல்லாமல் போடுவதில்லை' என்று ஜெராக்ஸ்காரர் பதில் தட்டினார்.

"என்னங்க, வந்த ஆளையும் விரட்டுறீங்களே. போயிடப் போறாரு" என்றாள் மனைவி.

"எங்கே போவாரு? இதைவிட மலிவா வேற எதுவும் இல்லையே."

மத்தியானத்துக்குள் கடைப் பெயர் வந்து சேர்ந்தது.