கத்தரீனாளின் காலை மாத்திரை

பீர்மேட்டுத் தேயிலைத் தோட்டமொன்றின் டிஸ்பென்சரியில் நர்ஸாக இருந்த கத்தரீனாளுக்கு ஒரு பிடிவாதம் உண்டு. மாத்திரை கொடுத்தால் தன் கண்ணெதிரே விழுங்க வேண்டும். காலையில் தொழிலாளர்கள் கூடும் பெரட்டுக்களத்தில் பேர் வாசிக்கும்போதே டம்ளரும் தண்ணீருமாக வந்து நின்றுவிடுவாள். விழுங்கியதும், "வாயத் தெறங்க" என்பாள். மாத்திரையை நாக்குக்கு அடியில் பதுக்கிக்கொண்டு போய்த் தேயிலைத் தூரில் துப்புகிறவர்களை இருபது வருஷமாகப் பார்த்தவள். அவளிடம் யாரும் வாலாட்ட முடியாது.

1974இல் குருவம்மாள் அந்த வரிசைக்கு வந்து சேர்ந்தாள். கொழுந்தெடுப்பதில் கெட்டிக்காரி. எட்டு மாதக் குழந்தையைக் காய்ச்சலுக்குப் பறிகொடுத்து ஓராண்டாகியும் தேறவில்லை. தலை வாரமாட்டாள், எதிரே வருகிறவர் முகத்தை ஏறிட்டுப் பார்க்கமாட்டாள். புருஷன் சங்கையா கோடாங்கி, வேப்பிலை என்று எல்லாம் பார்த்து ஓய்ந்த பிறகுதான் டிஸ்பென்சரிக்கு அழைத்து வந்தான்.

வியாழக்கிழமைதோறும் ஜீப்பில் வரும் டாக்டர், இது மனசுக்கு வந்த நோய் என்று சொல்லி இமிப்ரமின் மாத்திரை எழுதினார். ஒன்றரை மாதம் போயிற்று. வாய் உலர்ந்தது, கை நடுங்கியது, இருந்த கொஞ்சத் தூக்கமும் போனது. அதை நிறுத்திவிட்டு அமிட்ரிப்டிலினுக்கு மாற்றினார்.

"ரெண்டும் ஒரே வேலையத்தான் செய்யும், நர்ஸ். இது தூங்கவும் வைக்கும். ராத்திரி படுக்குமுன்னே கொடுக்கணும். குணம் தெரிய மூணு வாரம் பொறுக்கணும்."

ராத்திரி கொடுத்தால் விழுங்குவதை யார் பார்ப்பது? கத்தரீனாள் வழக்கம்போலக் காலையில்தான் கொடுத்தாள்.

பத்தே நாளில் குருவம்மாள் கூடையும் முதுகுமாகச் செடிமேல் சாய்ந்து தூங்கினாள். ஒருமுறை சரிவில் உருண்டும் விட்டாள். கங்காணி செல்லத்துரை ஆபீஸில் போய்ச் சொன்னான். வேலைக்கு லாயக்கில்லை என்று டாக்டர் எழுதிக் கொடுத்தால் பேரை வெட்டிவிடலாம் என்றார்கள். பேர் போனால் தோட்டம் கொடுத்த லயத்து வீடும் போகும்.

அடுத்த வியாழன் டாக்டர் பேனாவைத் திறந்தார். "ரெண்டு மருந்தும் ஒத்துக்கல. ஊருக்குப் போகட்டும், பாவம்."

சங்கையா கையைக் கட்டிக்கொண்டு நின்றான். கத்தரீனாள் மேஜையருகே வந்தாள்.

"சார், எழுதாதீங்க. மருந்து மேல தப்பில்ல. நாந்தான் காலையில குடுத்தேன்."

டாக்டர் அவளையே பார்த்தார். பிறகு பேனாவை மூடினார். "சரி. இனி ராத்திரி. மூணு வாரம் பார்ப்போம்."

அன்று முதல் பொழுது சாய்ந்ததும் ஒற்றை மாத்திரையைத் தாளில் மடித்துக்கொண்டு கத்தரீனாள் லயத்துக்கு ஏறினாள். ஒரேயடியாக விழுங்கிவிடுவாளோ என்று, மொத்தமாகக் கொடுத்துவிட்டு வர அவளுக்குப் பயம். முழங்கால் வலிக்கும்போதெல்லாம், 'நீ செய்த காரியத்துக்கு ஏறத்தான் வேணும்' என்று தன்னையே திட்டிக்கொள்வாள். குருவம்மாள் சுவரைப் பார்த்தபடி வாங்கி விழுங்குவாள், வாயைத் திறந்து காட்டுவாள். ஒரு பேச்சு கிடையாது.

இருபத்து மூன்றாம் நாள் நல்ல மழை. கத்தரீனாள் தொப்பலாக நனைந்து வாசலில் போய் நின்றாள். குருவம்மாள் தலை வாரியிருந்தாள். திரும்பி நேருக்கு நேர் பார்த்தாள்.

"என்ன நர்ஸம்மா, இப்படி நனஞ்சு வந்திருக்கீக? மொதல்ல தலையத் தொவட்டுங்க."

துண்டை நீட்டினாள். கத்தரீனாளுக்கு அழுகை வந்துவிட்டது. துண்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டு, காய்ந்த பிறகும் துவட்டிக்கொண்டே இருந்தாள். பாலில்லாத கட்டஞ்சாயா வந்தது. குடித்துவிட்டு, வந்த வேலையை மறந்து எழுந்தாள்.

"மாத்திரை?" என்று குருவம்மாள் கையை நீட்டினாள்.

வாங்கி விழுங்கினாள். பழக்கத்தில் வாயைத் திறக்கப் போனாள்.

"வேண்டாம் தாயி" என்றாள் கத்தரீனாள்.