யசிந்தாவும் இரு கட்சிக் கணினியும்

குருநகர் யசிந்தாவுக்குப் பட்டம் கிடையாது, பயமும் கிடையாது. அண்ணன் செபமாலை, உப்புத்தண்ணீர் குடித்த படகு ஜிபிஎஸ்ஸைச் சுவரில் அடிக்க ஓங்கியபோது பறித்துக் கழற்றியவள். அப்போது வயது பத்தொன்பது. திருத்தியதும் அது வேலை செய்தது. இருபத்திரண்டு வருடமாகப் பழுதான மின்சாமான் திருத்துவதுதான் தொழில். ஆள் பார்த்து வேலை செய்கிற பழக்கம் அவளிடம் இல்லை.

போன வைகாசியில் ஒருநாள் மத்தியானம் கடை வாசலில் ஓட்டோ நின்றது. பின்சீட்டில் இரண்டு பெரியவர்கள். இருவர் மடியிலுமாக ஒரு மடிக்கணினி. ஒருவர் தெல்லிப்பழைப் பக்கத்து ஊர்க்கோயில் ஒன்றின் செயலாளர் முத்துக்குமாரு. மற்றவர் அதே கோயிலின் எதிர்க்கட்சித் தம்பிஐயா. இருவரும் கணினியை விடாமலே இறங்கினார்கள். அதற்கே ஐந்து நிமிடம் பிடித்தது.

இருபத்தைந்து நாள் திருவிழாவில் எந்த நாள் எந்தக் குடும்பத்துக்கு என்று பதினொரு வருடம் வழக்காடி ஒப்புக்கொண்ட பட்டியல் அதற்குள் இருந்தது. வேறு பிரதி இல்லை. மற்றவன் திருத்திவிடுவான் என்று கடதாசிப் பிரதிகளை இரு கட்சியும் சேர்ந்தே கொளுத்தியிருந்தார்கள். நாலு மணிக்குத் திருவிழா அழைப்பு விஞ்ஞாபனம் அச்சுக்குப் போகவேண்டும். கணினியோ காலையிலிருந்து எழும்பவில்லை.

"கையெழுத்து வைச்ச ஆக்களிலை ஆறு பேர் செத்துப்போச்சினம், பிள்ளை," என்றார் முத்துக்குமாரு. "பட்டியல் போனால் திரும்ப வழக்குத்தான்."

யசிந்தா கழற்றினாள். சேமிப்புச் சில்லு மின்சுற்றுப் பலகையோடே ஒட்டியிருந்தது. பலகை பிழைத்தால்தான் பட்டியல். மெல்லிய மின்சாரம் கொடுத்துப் பார்த்தாள். ஏதோ ஒரு பாகம் அத்தனையையும் விழுங்கிச் சுட்டது. எது என்று விரலுக்குப் பிடிபடவில்லை. பெரியவர்களும் விரல் வைத்தார்கள்.

"வலப்பக்கம் சுடுது," என்றார் முத்துக்குமாரு.

"உவருக்கு எப்பவும் தன்ரை பக்கந்தான். இடப்பக்கம் கொதிக்குது, தங்கச்சி!"

யசிந்தா ஸ்பிரிற் போத்தலை எடுத்தாள். பூசினால், சுடுகிற இடம் முதலில் காயும்.

"கோயில் சாமானிலை சாராயமோ?" என்றார் முத்துக்குமாரு.

"சாராயமில்லை ஐயா, குடிச்சால் கண் போகும்."

"அப்ப இன்னும் மோசம்!"

போத்தலை வைத்துவிட்டுப் பிசின் கட்டியில் சூட்டுக்கோலை அழுத்தினாள். வெள்ளைப் புகை எழுந்தது. மேலே சுவரில் அந்தோனியார் படம். தம்பிஐயா இரண்டையும் மாறிமாறிப் பார்த்தார்.

"வேதக்காரச் சாம்பிராணியோ?"

"ஈயம் ஒட்டுற பிசின், ஐயா. இன்னும் ஞானஸ்நானம் எடுக்கேல்லை."

இரு கட்சியும் பலகையை ஆளுக்கொரு நுனியில் பிடிப்பது என்ற நிபந்தனையில் புகைக்கு அனுமதி கிடைத்தது. பலகை திருநீறு பூசியதுபோல் வெளுத்தது. தம்பிஐயாவின் மற்றக் கை தானாக நெற்றிக்குப் போனது. யசிந்தா மின்சாரத்தைத் திறந்தாள். மூன்று எண்ணுவதற்குள் எள்ளளவு பாகமொன்றின் மேலிருந்த வெண்மை உருகிக் கறுத்தது. வலமும் இல்லை, இடமும் இல்லை. நட்டநடு.

அதை இடுக்கியால் பிடுங்கினாள்.

"அது இல்லாமல் ஓடுமோ?"

"பக்கத்திலை அதே வேலைக்கு ஏழு கூட்டாளியள் நிக்கினம். சமாளிப்பினம்."

கணினி எழும்பியது. கடவுச்சொல்லின் முதல் பாதியை முத்துக்குமாரு அடிக்கும்போது தம்பிஐயா சுவரைப் பார்த்தார். மறுபாதிக்கு முத்துக்குமாரு சுவரைப் பார்த்தார். பட்டியல் இருந்தது.

"இதை எங்கை வைக்கிறனீங்கள்?" என்று கேட்டாள்.

இரும்புப் பெட்டிக்குள். பட்டு சுற்றி. இரண்டு பூட்டு. வயருக்கு ஓட்டை போட்டிருந்தார்கள், காற்றுக்குப் போடவில்லை.

"ஓவ் பண்ணி நிப்பாட்டிப்போட்டோ பூட்டுறனீங்கள்?"

"ஓவ் பண்ண ரண்டு கட்சியும் சம்மதிக்கவேணும், பிள்ளை. மூண்டு கூட்டம் போட்டம். தீர்மானம் நிறைவேறேல்லை."

பிறகு, பிழை எந்தப் பக்கத்தது என்று எழுத்தில் கேட்டார்கள். யசிந்தா 'நடுவில்' என்று எழுதிக் கொடுத்தாள். இருவர் முகமும் ஒரேமாதிரிச் சுருங்கின. இனி இந்தக் கடைக்கு வருவதில்லை என்று அந்த இடத்திலேயே தீர்மானித்தார்கள். கடதாசிப் பிரதிகளைக் கொளுத்தியதற்குப் பிறகு ஏகமனதாக நிறைவேறிய முதல் தீர்மானம் அது.

"ஓவ் பண்ணிப்போட்டுக் கொண்டுபோங்கோ!" என்று யசிந்தா கத்தினாள்.

பின்சீட்டில் ஏறிய இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஓட்டோ அச்சகத்துப் பக்கம் திரும்பியது. இருவர் மடியிலும் திரை எரிந்துகொண்டே போனது.